சமுதாயக் கூடத்தை வடிவமைப்பது எப்படி? மனையும் மக்களும் சொல்வதைக் கேட்டு வரைய ஒரு முழுமையான வழிகாட்டி

நான் வரைந்த முதல் சமுதாயக் கூடம் திறப்பு விழா அன்று நிரம்பி வழிந்தது. ஆறு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போய்ப் பார்த்தேன். பெரிய கதவு பூட்டிக் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே உட்காரலாமே என்று கேட்டேன். "இத்தனை பேருக்காக அவ்வளவு பெரிய ஹாலைத் திறப்பார்களா? திறந்தாலும் பேசுவது காதில் விழாது, எதிரொலிக்கும்" என்றார் ஒரு பெரியவர். அவர் சொன்னது உண்மை. முந்நூறு பேர் கூடும் ஒரு நாளை மனதில் வைத்து நான் வரைந்திருந்தேன். மீதி முந்நூற்று அறுபத்து நான்கு நாளை யோசிக்கவே இல்லை.

அந்த மதியத்துக்குப் பிறகு என் வேலை முறையே மாறியது. எந்தச் சமுதாயக் கூடத்தை எடுத்தாலும் முதலில் கேட்கும் கேள்வி, செவ்வாய்க்கிழமை மதியம் இங்கே யார் இருப்பார்கள், எங்கே உட்கார்வார்கள் என்பதுதான். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன.

படி 1: கோடு போடும் முன் மனையோடு பழகுங்கள்

மனையை ஒரே முறை, அதுவும் வெயில் தாழ்ந்த இதமான மாலையில் பார்த்துவிட்டு வரையத் தொடங்குவது பெரிய தவறு. காலை, உச்சிவேளை, சாயங்காலம், இரவு என்று நான்கு நேரமும் போய் நில்லுங்கள். ஒரு வேலை நாளிலும் ஒரு விடுமுறை நாளிலும் போங்கள். கனமழை பெய்த மறுநாள் கட்டாயம் போங்கள். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எங்கே தேங்கியது, எவ்வளவு நேரத்தில் வடிந்தது என்று தரையே காட்டிக் கொடுக்கும். மிகப் பெரிய வெள்ளத்தின்போது தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்து வீட்டு வயதானவர்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். அந்த உயரத்தைச் சர்வே வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

பிறகு காலடித் தடங்களைப் பாருங்கள். புல் தேய்ந்து மண் தெரியும் குறுக்குப் பாதைகள் எந்த மனையிலும் இருக்கும். பள்ளிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் போகிறவர்கள் வருடக்கணக்கில் நடந்து போட்ட வழிகள் அவை. அந்தப் பாதையை மறித்துக் கூடத்தை வைத்தால் மக்கள் அதைச் சுற்றிப் போகவேண்டிய தடையாகத்தான் பார்ப்பார்கள். பாதையின் ஓரமாக வைத்தால், போகிற போக்கில் எட்டிப் பார்க்கிற இடமாகிவிடும். என்னைக் கேட்டால், மனை ஆய்வில் கிடைக்கும் மிக மதிப்புள்ள தகவல் இதுதான். எந்த அரசு வரைபடத்திலும் இது இருக்காது.

மரங்களை வெறும் வட்டமாக வரையாதீர்கள். அடிமரத்தின் விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரத்துக்கு வேர்ப்பகுதி என்று எடுத்துக்கொண்டு, அதற்குள் அஸ்திவாரமோ குழாய்ப் பள்ளமோ வராமல் பார்ப்பது நடைமுறை விதி. 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு இது 6 மீட்டர் ஆரம். கிளைகளை மட்டும் காப்பாற்றி வேரை வெட்டிய மரம் சில ஆண்டுகளில் பட்டுப்போகும். அதன் நிழலை நம்பி வைத்த ஜன்னல்கள் அப்புறம் வெயிலில் காயும்.

காற்று வரும் திசை, இரைச்சல் வரும் திசை, பக்கத்து வீட்டு ஜன்னல்கள், கழிவுநீர் இணைப்பு, மண்ணின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொரு ட்ரேசிங் தாளில் தனித்தனியாக வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். நல்ல காற்றும் கெட்ட இரைச்சலும் ஒரே பக்கத்திலிருந்து வருகிறதா? அந்த முரண்பாட்டை இப்போதே பார்த்துவிட்டால் அதைத் தீர்க்க வழி உண்டு. கட்டிய பிறகு தெரிந்தால் ஜன்னலை மூடிவைப்பது ஒன்றுதான் மிஞ்சும்.

படி 2: "என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள்

கூட்டம் போட்டு "உங்களுக்கு என்னென்ன வேண்டும்" என்று கேட்டால் பட்டியல் வரும்: பெரிய ஹால், மேடை, ஏசி, பார்க்கிங். எல்லா ஊரிலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். ஏற்கெனவே பார்த்த கட்டடங்களைத்தான் மக்கள் கேட்க முடியும். அது அவர்கள் குற்றமல்ல, கேள்வியின் குற்றம்.

"நேற்று என்ன செய்தீர்கள், எங்கே செய்தீர்கள், எது சிரமமாக இருந்தது?" என்று கேளுங்கள். பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டால், வீட்டில் இடமில்லாமல் தெருவிளக்கின் கீழே உட்காரும் மாணவர் தெரிய வருவார். முழங்கால் வலியோடு அரைக் கிலோமீட்டர் நடந்து வந்து, உட்கார இடமில்லாமல் திரும்பிப் போகும் பாட்டியும் தெரிய வருவார்.

கூட்டத்துக்கு வராதவர்களைத் தேடிப் போவது வடிவமைப்பவரின் வேலை. சாயங்காலக் கூட்டத்துக்கு, கைக்குழந்தை வைத்திருக்கும் தாய் வரமாட்டார், இரவு ஷிப்ட் போகிறவர் வரமாட்டார், சக்கர நாற்காலியில் இருப்பவரும் பெரும்பாலும் வரமாட்டார். பதின்ம வயதினரை யாரும் கூப்பிடுவதே இல்லை, ஆனால் கட்டி முடித்த பிறகு அந்த இடத்தில் அதிக நேரம் செலவிடுகிறவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். அப்புறம், கூடத்தைப் பெருக்கித் துடைக்கப் போகிறவரையும் சாவி வைத்திருக்கப் போகிறவரையும் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். கூடம் வாழுமா பூட்டிக் கிடக்குமா என்பதைத் தினமும் முடிவு செய்கிறவர்கள் இவர்கள் இருவரும்தான்.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பைக்கர் குடியிருப்பை மறுபடி கட்டும் வேலையை 1960களின் கடைசியில் எடுத்துக்கொண்ட கட்டடக் கலைஞர் ரால்ஃப் எர்ஸ்கின், அந்தப் பகுதியிலேயே முன்பு ஈமச்சடங்கு நிலையமாக இருந்த ஒரு கடையில் தன் அலுவலகத்தைத் திறந்தார். மக்கள் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து பேசலாம். முதலில் சிலர் வந்தது கட்டடம் பற்றிப் பேச அல்ல, வேறு வேறு குறைகளைச் சொல்ல. அதனாலென்ன? அந்தக் குறைகளுக்குள்தான் வடிவமைப்புக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. உங்களால் அலுவலகம் திறக்க முடியாமல் போகலாம். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், மனையின் ஓரத்தில் ஒரு மேஜை போட்டு உட்காரலாம்.

பேச்சைவிடப் பார்வை பெரிது. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் ஒரு பழைய பீப்பாய்த் தொழிற்சாலையைப் பண்பாட்டு மையமாக்கும் பொறுப்பு 1970களில் கட்டடக் கலைஞர் லினா போ பார்டியிடம் வந்தது. அவர் ஒரு சனிக்கிழமை அங்கே போனபோது, பயன்பாட்டில் இல்லாத அந்தக் கொட்டகைகளில் குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், குடும்பங்கள் ஓய்வு நாளைக் கழித்துக்கொண்டிருந்தன. இந்தச் சந்தோஷம் அப்படியே தொடரவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். கொட்டகைகளை இடிக்காமல் வைத்துக்கொண்டார், கட்டுமானக் காலம் முழுக்க அலுவலகத்தை அங்கேயே நடத்தினார். செஸ்க் பொம்பேயா என்ற அந்த மையம் 1982இல் திறந்தது. விளையாட்டுக்கான கான்கிரீட் கோபுரங்கள் 1986இல் சேர்ந்தன. மனையில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வாழ்க்கையைத்தான் அவர் தேவைப் பட்டியலாக எடுத்துக்கொண்டார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எகிப்தில் லக்சர் அருகே 1940களின் பிற்பாதியில் ஹசன் ஃபாத்தி கட்டிய புது கூர்னா என்ற கிராமம், மண் கட்டடக்கலையில் இன்றும் போற்றப்படும் வேலை. ஆனால் யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்களில் பெரும்பாலோர் அங்கே குடிபோகவில்லை. பழைய ஊரும், பழம்பொருட்கள் கிடைக்கும் அதன் பண்டைக் கல்லறைகளுமே அவர்களுடைய பிழைப்பாக இருந்தன. மண்ணையும் வெயிலையும் அவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட திட்டம்கூட, மக்களின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியில் நின்றுவிட்டது. மனைக்குக் கொடுக்கும் கவனத்தை மக்களுக்கும் அதே அளவுக்குக் கொடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

படி 3: ஒரு வார அட்டவணை போடுங்கள்

இதுவரை கேட்டதையும் பார்த்ததையும் ஒரு பெரிய தாளில் கொண்டுவாருங்கள். குறுக்கே ஏழு நாள், நெடுக்கே காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை மணி. ஒவ்வொரு கட்டத்திலும் யார், எத்தனை பேர், என்ன செய்கிறார்கள், சத்தமா அமைதியா, தரையிலா நாற்காலியிலா என்று எழுதுங்கள்.

தாளைச் சுவரில் மாட்டிவிட்டுப் பின்னால் தள்ளி நின்று பாருங்கள். பெரும்பாலான கட்டங்களில் எட்டிலிருந்து முப்பது பேர்தான் இருப்பார்கள். நூறைத் தாண்டுவது மாதத்தில் சில மணி நேரம். அப்படியானால் நமக்கு முதலில் வேண்டியது முப்பது பேருக்கான ஒரு நல்ல அறையும் பத்துப் பேருக்கான ஒரு மூலையும்தான். பெரிய ஹால் அதன் பிறகு. சின்ன அறை வெளிக்கதவுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். அதற்குத் தனிப் பூட்டு, தனி மின்சுவிட்ச், கழிப்பறைக்குத் தனி வழி வேண்டும். ஹாலைத் திறக்காமலே கட்டடம் இயங்க முடிந்தால், செவ்வாய்க்கிழமை மதியப் பிரச்சினை பாதி தீர்ந்தது.

மோதல்களும் இந்தத் தாளில் தெரியும். மாலை ஆறு மணிக்கு ஒரு பக்கம் மாணவர் படிப்பு, இன்னொரு பக்கம் பாட்டுப் பயிற்சி. இரண்டுக்கும் நடுவே மடக்குத் தடுப்பு வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண மடக்குத் தடுப்பு பார்வையை மறைக்கும், சத்தத்தை அவ்வளவாக நிறுத்தாது. நடுவே ஸ்டோர் ரூமும் கழிப்பறையும் வரும்படி தள்ளி வைப்பதுதான் மலிவான, நிச்சயமான வழி.

படி 4: அளவு, அண்மை, ஸ்டோர் ரூம்

வரிசையாக நாற்காலி போட்டு உட்காரும் ஹாலுக்கு ஒருவருக்கு 0.75 சதுர மீட்டர் வைத்துத் தோராயமாகக் கணக்கிடலாம், மேஜையோடு என்றால் 1.5. உள்ளூர்க் கட்டட விதி வேறு எண் சொன்னால் அதையே எடுங்கள். தீ பாதுகாப்பு வழிகளும் அந்த விதிப்படிதான்.

எல்லோரும் குறைத்துவிடுவது ஸ்டோர் ரூமை. இருநூறு நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கினால் இருபது அடுக்குகள். இழுத்து எடுக்க வழியோடு சேர்த்துப் பதினைந்து சதுர மீட்டராவது போகும். மேஜைகள், பாய்கள், மைக் செட், துடைப்பம், வாளி எல்லாம் தனி. ஹால் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஸ்டோர் ரூமுக்கு ஒதுக்கி, ஹாலை ஒட்டியே, இரட்டைக் கதவோடு வையுங்கள். இடம் போதவில்லை என்றால் நாற்காலிகள் ஹாலின் மூலையில் குவியும், பிறகு வாசலை மறைக்கும். எத்தனையோ கூடங்கள் இப்படித்தான் கிடங்காக மாறின.

கழிப்பறை விஷயத்தில் ஒன்று மட்டும்: பெண்களுக்கு அதிக எண்ணிக்கை வையுங்கள். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1.5 மீட்டர் விட்டம் காலியாக இருக்கட்டும். கதவு திறந்த பிறகு 90 சென்டிமீட்டர் வழி கிடைக்கட்டும்.

படி 5: மனையில் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து?

சூரியனை ஊகத்தில் விடாமல் கணக்குப் போடுங்கள், எளிய கணக்குதான். பகலும் இரவும் சமமாக வரும் சமப்பகல் நாளில் நண்பகல் சூரியனின் உயரக்கோணம் 90இலிருந்து அந்த இடத்தின் அட்சரேகையைக் கழித்தால் வரும். குளிர்கால நீள் இரவு நாளில் இன்னும் 23.5 பாகை குறையும். வடக்கு 10 பாகையில் இருக்கும் இடத்துக்கு டிசம்பர் நண்பகலில் 56.5 பாகை, தெற்கே. அப்போது 1.2 மீட்டர் நீட்டிய கூரை, தெற்குச் சுவரில் சுமார் 1.8 மீட்டர் உயரத்துக்கு நிழல் தரும். அதே கூரையை மேற்குப் பக்கம் வைத்து, சாயங்காலம் சூரியன் நேர் எதிரே 20 பாகை உயரத்தில் நிற்கும்போது பாருங்கள்: நிழல் வெறும் 44 சென்டிமீட்டர். தாழ்ந்த வெயிலைக் கூரை நீட்டித் தடுக்க முடியாது. அதனால்தான் வெப்பமான இடங்களில் கட்டடத்தின் குறுகிய பக்கங்களைக் கிழக்கும் மேற்கும் பார்த்து வைக்கச் சொல்கிறோம். ஸ்டோர் ரூம், கழிப்பறை, படிக்கட்டு ஆகியவை மேற்கு வெயிலை வாங்கிக்கொள்ளட்டும். குளிர்ப் பிரதேசத்தில் வெயிலை வரவேற்கவேண்டும், கணக்கு அதேதான்.

அடுத்தது தரைமட்டம். தரையை 60 சென்டிமீட்டர் உயர்த்தினால் 12க்கு 1 சரிவில் சாய்தளம் 7.2 மீட்டர் நீளும், இரு முனையிலும் சமதளம் தனி. மனையில் இயற்கையாகவே சரிவு இருந்தால் வாசலை மேட்டுப் பக்கம் வையுங்கள். எல்லோரும் ஒரே வழியில் நடந்தும் உருண்டும் உள்ளே வரலாம். முன்னால் கம்பீரமான படிக்கட்டு, பின்பக்கம் குப்பைத் தொட்டி அருகே சாய்தளம் என்று வரைந்து, ஒரு பகுதி மக்களைப் பின்வாசலுக்கு அனுப்பாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வெள்ளம் வரும் தாழ்நிலம் என்றால் தரையை உயர்த்துவதே ஒரே வழி என்று நினைக்கவேண்டாம். வங்கதேசத்தின் காய்பாந்தாவில் ஃப்ரெண்ட்ஷிப் மையத்தை வடிவமைத்த காஷெஃப் சௌத்ரிக்கு, முழுக் கட்டடத்தையும் வெள்ள மட்டத்துக்கு மேலே தூக்கப் பணம் போதவில்லை. மனையைச் சுற்றி ஒரு மண் கரை எழுப்பி, அதற்குள் முற்றங்களும் சின்னச் சின்னச் செங்கல் அறைகளுமாகக் கட்டி, கூரைகளில் புல் வளர்த்தார். தூரத்திலிருந்து பார்த்தால் வயல்வெளியோடு வயல்வெளியாகத் தெரியும். 2016இல் அதற்குக் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது.

படி 6: பிளானோடு நிற்காமல் செக்ஷன் வரையுங்கள்

பிளான் என்பது மேலிருந்து பார்க்கும் வரைபடம், செக்ஷன் என்பது கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பக்கவாட்டில் பார்க்கும் வரைபடம். காற்று, வெளிச்சம், சூடு, சத்தம் நான்கும் உயரத்தைப் பொறுத்தவை, பிளானில் தெரியாதவை. உட்கார்ந்திருக்கும் ஒருவர் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். நூறு பேர் உட்கார்ந்தால் 10 கிலோவாட், ஆயிரம் வாட் ஹீட்டர் பத்து ஓடுவதற்குச் சமம். இந்தச் சூட்டுக் காற்று மேலே போக வழி வேண்டும், கீழே புதிய காற்று வர வழி வேண்டும். எதிரெதிர்ப் பக்கம் ஜன்னல் இருந்தால் கூரை உயரத்தைப் போல ஐந்து மடங்கு அகலம் வரை காற்று ஓடும் என்பது நடைமுறை விதி, ஒரே பக்கம் என்றால் இரண்டு மடங்குதான். ஜன்னல் வெளிச்சமும், ஜன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் வேலைக்கு ஆகும்.

புர்க்கினா ஃபாசோவின் காண்டோ கிராமத்தில் ஃபிரான்சிஸ் கேரே கட்டிய தொடக்கப் பள்ளியின் செக்ஷன் இதற்கு நல்ல பாடம். தகரக் கூரை வெயிலில் அனலாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் அதை மண் செங்கல் மேல்தளத்திலிருந்து கம்பிச் சட்டங்களில் தூக்கி நிறுத்தினார். இடைவெளியில் காற்று ஓடுகிறது, மேல்தளத் துளைகள் வழியாக அறையின் சூடு வெளியேறுகிறது, அகலமாக நீண்ட கூரை மண்சுவர்களை மழையிலிருந்து காக்கிறது. அந்தச் சட்டங்களைப் பெரிய கிரேன் இல்லாமல் ஊர்க்காரர்களே செய்து ஏற்ற முடிந்தது. 2001இல் முடிந்த வேலை அது. கேரே அந்த ஊரிலேயே பிறந்தவர். 2022இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார்.

சத்தத்தை யாரும் கணக்குப் போடுவதில்லை. என் முதல் கூடத்தில் நானும் போடவில்லை. 15 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள ஹாலை எடுத்துக்கொள்வோம். கன அளவு 750 கன மீட்டர். எதிரொலி நேரம், அதாவது ஒரு சத்தம் அடங்க எடுக்கும் நேரம், 0.161ஐக் கன அளவால் பெருக்கி, மொத்த ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் வருவது. பூச்சுச் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை என்று எல்லாமே கடினமாக இருந்தால் உறிஞ்சும் பரப்பு 16, 17 சதுர மீட்டரைத் தாண்டாது. எதிரொலி ஏழு விநாடி! ஆட்கள் நிறைந்தால் குறையும், ஆனால் செவ்வாய்க்கிழமை பத்துப் பேர்தானே? அந்த 150 சதுர மீட்டர் கூரையின் அடிப்பக்கம் முழுக்க, மர இழை கலந்த பலகையோ துளையிட்ட பலகையோ போட்டு, அது எழுபது சதவீதம் உறிஞ்சினால், நேரம் ஒரு விநாடி அளவுக்கு இறங்கிவிடும். பேசுவது தெளிவாகக் கேட்கும். பெரியவர் சொன்ன குறைக்கு மருந்து இவ்வளவுதான்.

படி 7: வாசலுக்கு முன்னால் ஓர் இடம்

உள்ளே போவதா வேண்டாமா என்று தயங்குகிறவருக்கு உட்கார ஓர் இடம் வேண்டும். நிழலுள்ள திண்ணை, சுவரை ஒட்டிய பெஞ்ச், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும் ஒரு ஜன்னல். ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு, தற்காலிகக் குடியிருப்புகளுக்கு நடுவே டொயோ இட்டோவும் மற்றக் கட்டடக் கலைஞர்களும் "எல்லோருக்குமான வீடு" என்ற பெயரில் சிறு கூடங்கள் கட்டினார்கள். செண்டாயில் கட்டிய முதல் கூடம் ஒரு சின்ன மர வீடுதான். அதற்கும் ஓர் அகலமான முன்திண்ணை இருந்தது.

பூட்டிய நேரத்திலும் திண்ணை திறந்தே இருக்கட்டும். ஒரு குடிநீர்க் குழாய், ஒரு விளக்கு, ஒரு மின்சாக்கெட் போதும்.

படி 8: தரையில் வரைந்து நடந்து பாருங்கள்

பிளான் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. படிக்கத் தெரியாததால் தலையாட்டிவிடுவார்கள். பிரித்து மாற்றக்கூடிய அட்டை மாதிரி ஒன்றைச் செய்து கொண்டுபோங்கள். எதையும் ஒட்டாதீர்கள், அவர்கள் கையாலேயே நகர்த்தட்டும். அப்புறம் மனையில் சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் சுவர்களைக் கோடு போட்டுக் காட்டுங்கள். குழந்தைகள் ஓடிப் பார்க்கட்டும், சக்கர நாற்காலிக்காரர் திரும்பிப் பார்க்கட்டும், பராமரிப்பவர் வாளியோடு குழாயிலிருந்து ஹால் வரை நடந்து பார்க்கட்டும். கோட்டை அழித்துப் போட ஐந்து நிமிடம் போதும்.

படி 9: பொருளும் பராமரிப்பும்

உள்ளூர் மேஸ்திரிக்குச் சரிசெய்யத் தெரிந்த பொருளையே தேர்ந்தெடுங்கள். உடைந்த கண்ணாடியை மாற்ற வேறு நகரத்திலிருந்து ஆள் வரவேண்டும் என்றால் அது மாற்றப்படவே மாட்டாது. 300 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 15,000 லிட்டர் தண்ணீர் இறங்கும். அது போகும் வழியையும் அடைப்பைச் சுத்தம் செய்யும் மூடியையும் இப்போதே வரையுங்கள். ஏணி இல்லாமல் எட்டக்கூடிய விளக்குகள், தேய்த்துக் கழுவக்கூடிய சுவரின் கீழ்ப்பகுதி ஆகியவையும் இந்தக் கட்டத்தில் முடிவாக வேண்டும். பராமரிப்பவருக்குப் புரிகிற மொழியில் நான்கு பக்கக் குறிப்பு ஒன்றையும் எழுதிக் கொடுங்கள்.

படி 10: ஒரு வருடம் கழித்துத் திரும்பிப் போங்கள்

இதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். சாவி கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்தில் ஒரு முறை, ஒரு வருடத்தில் ஒரு முறை. விழா நாளாக வேண்டாம், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வேலை நாளில் போங்கள். நாற்காலிகள் எந்தப் பக்கம் இழுத்துப் போடப்பட்டிருக்கின்றன, எந்த ஜன்னலில் துணியோ அட்டையோ கட்டியிருக்கிறார்கள், எந்தக் கதவு எப்போதும் பூட்டியிருக்கிறது, எந்தச் சுவர் கைபட்டுக் கறுத்திருக்கிறது என்று போட்டோ எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தச் செலவில் ஒரு சிறு பங்கை இந்தத் திருத்தங்களுக்கென்று முதலிலேயே ஒதுக்கி வைத்திருந்தால், ஜன்னலுக்கு ஒரு நிழல்தட்டி, திண்ணைக்கு இன்னொரு பெஞ்ச், கதவுக்கு வேறு பூட்டு என்று அந்த மாதமே செய்து கொடுக்கலாம்.

என் முதல் கூடத்துக்கும் பிறகு அப்படித்தான் போனோம். ஹாலின் ஒரு மூலையைப் பிரித்து, கூரைக்கு அடியில் பலகை போட்டு, மரத்தைப் பார்த்தபடி தனிக் கதவு வைத்தோம். அந்தக் கதவின் சாவி இப்போது மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களிடமே இருக்கிறது.